சாயலும் கோடும்: தமிழக உருவப்பட மரபில் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள்

ஆய்வுச் சுருக்கம்

உருவப்படம் வரையும் ஓவியர் முதலில் சாயலைப் பிடிக்கக் கற்கிறார். பின்னர் அதைத் துறந்து தமக்கெனத் தனிநடை ஒன்றை அடைகிறார். நவீன ஓவியம் பற்றிய தமிழ் எழுத்துகள் பலவற்றில் இவ்விளக்கம் வழக்கமாகக் காணப்படுகிறது. இக்கட்டுரை அதனை இரண்டு வகையில் மறுபரிசீலனை செய்கிறது. முதலாவதாக, தமிழகத்து உருவ மரபில் முகச்சாயல் தொடக்கப் புள்ளியாக இருந்ததில்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணெய் வண்ணத்தோடும் ஒளிப்படத்தோடும் வலுப்பெற்ற கோரிக்கையாகும். இரண்டாவதாக, 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களில் சாயல் துறக்கப்படவில்லை. சாயலில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் தேர்விலேயே அவருடைய தனிநடை உருப்பெற்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உருவப்படம், சாயல், தனிநடை, கோட்டோவியம், புனையா ஓவியம், சென்னைக் கலைப்பள்ளி, ஆதிமூலம், காந்தி.

1. முன்னுரை

ஒரு முகத்தைப் பார்த்து வரைந்த படத்தைக் காண்போர் முதலில் கேட்கும் கேள்வி, ‘அவரைப் போலவே இருக்கிறதா?’ என்பதாகும். இக்கேள்விக்கு ஆம் என்று விடை கிடைத்தால் ஓவியர் திறமையானவர் எனக் கொள்ளப்படுகிறார். ஆனால் அதே முகத்தை ஒளிப்படக் கருவி நொடிப்பொழுதில் பிடித்துவிடும் காலத்தில், போல இருப்பது மட்டுமே ஓவியத்திற்குப் போதுமான காரணமாகாது. ஓவியர் தம் பார்வையைப் படத்தில் வைக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அப்போது எழுகிறது. இந்த எதிர்பார்ப்பு மற்றொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஓவியரின் நடை மேலோங்கினால் வரையப்பட்டவர் மறைந்துபோகலாம். வரையப்பட்டவர் மேலோங்கினால் ஓவியரின் கை தெரியாமல் போகலாம். இவ்விரண்டும் ஒரே தாளில் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவுக்கு ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள் ஏற்ற களமாகின்றன. இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் காந்தியின் முகத்தைப் போல எங்கும் பரவிய முகங்கள் மிகச் சிலவே. நாணயம், அஞ்சல் தலை, பள்ளிச் சுவர், அரசு அலுவலகம் என எங்கும் காணப்படும் முகத்தை மீண்டும் வரைந்து காட்டும்போது, அதில் புதிதாக இருப்பது ஓவியரின் பங்கு எனத் தெளிவாக அடையாளம் காண இயலும். அவற்றை ஆராய்வதற்கு முன், தமிழகத்தில் உருவம் வடிக்கும் மரபில் சாயலுக்கு இருந்த இடத்தைக் காண்பது தேவையாகிறது.

2. பெயர் தாங்கிய உருவங்கள்

தமிழகத்தில் குறிப்பிட்ட மனிதர்களின் உருவங்கள் பல்லவர் காலம் முதல் கிடைக்கின்றன. மாமல்லபுரத்து ஆதிவராகக் குடைவரையில் அரசர்கள் இருவர் தத்தம் தேவியரோடு காட்டப்பட்டுள்ளனர். அவர்கள் யார் என்பதை மேலே பொறித்த பெயர்களே உணர்த்துகின்றன. சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் அப்பெயர்கள் எந்தெந்த அரசரைக் குறிக்கும் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முகத்தைக் கொண்டு அதைத் தீர்க்க எவரும் முற்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. கோனேரிராசபுரத்தில் செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்றளியில், கண்டராதித்தர் இறைவனை வழிபடும் சிற்பம் உள்ளது. அதுவும் உடனுள்ள கல்வெட்டால் அறியப்படுவதாகும். மாறாக, வாஷிங்டன் ஃப்ரீர் காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற செப்புத் திருமேனி செம்பியன் மாதேவியின் உருவமே எனச் சிலரும், தேவியின் திருமேனி எனச் சிலரும் கருதுகின்றனர். பெயர்ப் பொறிப்பு இல்லாத இடத்தில் முகம் சான்றாக நிற்கவில்லை.

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடகோபுரம் இவ்வகையில் சிறப்பான சான்றுகளை உடையது. கிருஷ்ணதேவராயர் பெயரோடு தொடர்புடைய இக்கோபுரத்தில் அவ்வரசர் கைகூப்பிய நிலையில் நிற்கும் சிலை அமைந்துள்ளது. திருமலையில் தம் தேவியர் இருவரோடு நிற்கும் அவருடைய செப்புருவத்திலும் கைகூப்பிய நிலையே காணப்படுகிறது. இரண்டிலும் அரசரை அடையாளம் காட்டுவன அடியவராக நிற்கும் நிலை, அணிகலன், இடம், பெயர் ஆகியவை. இதே வடகோபுரத்தினுள் அதன் கட்டுமானத்தில் ஈடுபட்ட கலைஞர்களின் சிறு உருவங்கள் பெயர்ப் பொறிப்புகளோடு செதுக்கப்பட்டுள்ளன. தம் பெயரைக் கல்லில் நிறுத்த வேண்டும் என்னும் விருப்பம் அக்கலைஞர்களுக்கு இருந்தது. ஆயினும் தம் உருவத்தைத் தனித்த முறையில் வடிக்க வேண்டும் என்னும் எண்ணம் அவற்றில் புலப்படவில்லை. மரபு வகுத்த அளவும் நிலையுமே அவ்வுருவங்களுக்கும் போதுமானவையாக இருந்தன. கலைஞரின் தன்னுருவத்தில்கூட நடை பொதுவாகவும் பெயர் தனியாகவும் இருந்ததை இது காட்டுகிறது.

நாயக்கர் காலத்தில் தனியாள் அடையாளம் கூடுகிறது. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் உள்ள நாயக்க அரசர் வரிசையில் திருமலை நாயக்கரின் பருத்த வயிறும் உடற்கட்டும் அவரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. எனினும் அங்கும் வேறுபாடு உடலில்தான் மிகுதியாகத் தெரிகிறது; முகம் பெரும்பாலும் மரபு வழியே நிற்கிறது.

இச்சான்றுகளிலிருந்து ஒன்றை வரையறுத்துக் கொள்ளலாம். பழைய உருவ மரபில் ஒருவரை அவராக நிறுத்தியவை பெயர், நிலை, அடையாளப் பொருள் என்னும் மூன்று. சாயல் அவற்றுக்குத் துணையாக வரலாம், வராமலும் இருக்கலாம். ஆகவே சாயலைக் கடப்பதே நவீனம் எனக் கூறும்போது, எந்தச் சாயலைக் கடப்பது, அது எப்போது வந்தது என்னும் கேள்விகளுக்கும் விடை தேட வேண்டியுள்ளது.

3. சாயல் கூலிக்குரிய பொருளான காலம்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசின் பொறுப்பில் வந்தது. 1856இல் சென்னையில் ஒளிப்படச் சங்கம் தோன்றியது. எண்ணெய் வண்ணத்தில் ஒளியும் நிழலும் கொண்டு முகத்தின் திரட்சியைக் காட்டும் ஐரோப்பிய முறையும், ஒளிப்படத்தின் துல்லியமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இங்கு வேரூன்றின. 1873இல் சென்னையில் நடைபெற்ற கண்காட்சியில், கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணைக் காட்டிய படத்திற்காக ரவிவர்மா பொற்பதக்கம் பெற்றார். அதன்பின் சமஸ்தான அரசர்களும் செல்வர்களும் ஆங்கில அதிகாரிகளும் தம் உருவப்படங்களை அவரிடம் வரையச் செய்தனர்.

இப்புதிய உருவப்படத்தில் சாயல் ஓர் ஒப்பந்தத்தின் தன்மையைப் பெற்றது. பணம் கொடுத்து வரையச் செய்பவர் தம் முகத்தைப் படத்தில் காண வேண்டும். காணாவிடில் படம் ஏற்கப்படாது. ஓவியர் தம் திறனைக் காட்டும் இடம் துணியின் பளபளப்பு, நகையின் ஒளி, தோலின் நிறம் ஆகியவற்றில் அமைந்தது. பின்னர் ஒளிப்பட நிலையங்கள் பெருகியபோது, சிறிய ஒளிப்படத்தைப் பெரிதாக்கி அதன்மேல் வண்ணம் தீட்டித் தரும் தொழில் நகரங்கள் தோறும் பரவியது. மறைந்த பெரியவரின் படத்தை மாலையிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டும் வழக்கம் இத்தொழிலைத் தாங்கி நின்றது. கலைப்பள்ளியில் பயின்றவர்களுக்கும் உருவப்படம் வரைதல் நம்பத்தக்க வருவாயாக இருந்தது. சாயலைப் பிடிக்கும் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடுவது, அப்பயிற்சியால் வாழ்ந்த பலரின் உழைப்பைக் காணாமல் விடுவதாகும். ஆனால் வாடிக்கையாளரின் ஒப்புதலே இறுதி அளவுகோலாக இருக்கும்வரை ஓவியரின் தனிநடைக்கு அங்கு இடம் குறுகியே இருந்தது.

4. பார்த்திராத முகங்கள்

சாயலை அளவுகோலாகக் கொண்ட இதே காலம், ஒப்பிட்டுப் பார்க்க மூலமே இல்லாத உருவப்படங்களையும் வேண்டி நின்றது. அவற்றுள் முதன்மையானது கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர் படம். 1964இல் சட்டப் பேரவையில் அப்படம் திறந்து வைக்கப்பட்டது. வள்ளுவரைக் கண்டவர் எவருமில்லை. ஒப்பிட ஒரு மூலமும் இல்லை. ஆயினும் தாடியும் குடுமியும் அமர்ந்த நிலையும் கையில் ஏடும் எழுத்தாணியும் கொண்ட அவ்வுருவம் இன்று தமிழர் அனைவரும் ‘வள்ளுவரைப் போலவே’ எனச் சொல்லும் அளவுகோலாகிவிட்டது. படம் முதலில் வந்தது. சாயல் அதன் பின்னர் உண்டாக்கப்பட்டது.

பாரதியாரின் நிலை வேறு. அவருடைய ஒளிப்படங்கள் சில கிடைக்கின்றன. ஆனால் மக்கள் மனத்தில் பதிந்திருப்பது, விடுதலைப் போராட்ட வீரரும் ஓவியருமான ஆர்யா என்னும் பாஷ்யம் வரைந்த படத்தின் வழிவந்த தோற்றமே ஆகும். தலைப்பாகை, முறுக்கிய மீசை, கூரிய பார்வை ஆகிய மூன்றும் இருந்தால் அது பாரதி எனக் குழந்தையும் அறியும். ஒளிப்படம் இருந்தும் ஓவியமே முகத்தை நிலைநிறுத்திய நிகழ்வு இது.

இவ்விரு சான்றுகளும் சாயல் என்பது முகத்துக்கும் படத்துக்கும் இடையிலான உறவு மட்டுமன்று என்பதை உணர்த்துகின்றன. காண்போரின் நினைவில் முன்னரே பதிந்துள்ள வேறு படங்களோடு அது கொள்ளும் உறவும் ஆகும். இதே உண்மையை ஐரோப்பிய ஓவிய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியும் உறுதிப்படுத்துகிறது. 1905-06 ஆண்டுகளில் பிக்காசோ கெர்ட்ரூட் ஸ்டைன் என்னும் எழுத்தாளரைப் பலமுறை எதிரில் அமரச் செய்து வரைந்தார். பின்னர் முகத்தை அழித்துவிட்டு, அவர் எதிரில் இல்லாதபோது முகமூடி போன்ற முகம் ஒன்றை வரைந்து முடித்தார். படம் அவரைப் போல இல்லை என்று கூறப்பட்டபோது, அவர் படத்தைப் போல ஆவார் என்னும் பொருள்பட பிக்காசோ விடையளித்ததாகக் கூறுவர். அப்பெண்மணியைப் பற்றிய பிற்காலத்தாரின் நினைவில் அம்முகமே முதலிடம் பெற்றது.

5. சென்னைக் கலைப்பள்ளியும் கோட்டின் மீட்சியும்

சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். சிற்பத்தில் ஐரோப்பிய இயல்பு முறையில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் அவர் வடித்தவை. காந்தி சிலையில் நடையே முதன்மையானது. முன்னோக்கி எடுத்து வைத்த காலும் ஊன்றிய கோலும் உடலின் சாய்வும் சேர்ந்து அம்மனிதரின் உறுதியைக் காட்டுகின்றன. முகம் நெருங்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். தொலைவிலிருந்தே ஆள் இன்னார் என அறியப்படுகிறார். இயல்பு முறைச் சிற்பியான அவரும் உருவத்தின் சுமையை முகத்திலிருந்து உடலின் இயக்கத்திற்கு மாற்றியுள்ளார்.

அவருடைய மாணவர்களான கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் கலைப்பள்ளியின் போக்கை மாற்றியவர்கள். 1957 முதல் பத்தாண்டுகள் முதல்வராக இருந்த பணிக்கர், ஒளி-நிழல் முறையிலிருந்து விலகிக் கோட்டை முதன்மைப்படுத்தினார். ஏட்டுச் சுவடி, சாதகக் கட்டம், எழுத்து வடிவம் ஆகியவற்றிலிருந்து அவர் 1963 அளவில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை உருவெடுத்தது. 1966இல் அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் கலைஞர் கிராமம், வாடிக்கையாளரின் ஒப்புதலைச் சாராமல் ஓவியர் வாழ வழி தேடிய முயற்சியாகும். கைவினைப் பொருள்கள் செய்து விற்று அன்றாடச் செலவை ஈடுகட்டி, ஓவியத்தைத் தம் விருப்பப்படி செய்வது அவர்கள் கண்ட வழி. உருவப்படத்தில் சாயலை நிர்ணயித்த பொருளாதாரக் கட்டு இவ்வாறு ஒரு பக்கம் தளர்ந்தது.

தனபால் சிற்பத்தில் இம்மாற்றத்தைச் செய்தார். அவர் வடித்த பெரியார் தலையில் முகத்தின் அடிப்படைக் கட்டு மாறாமல் இருக்கிறது. தாடியும் நெற்றியும் களிமண்ணில் விரல் பதித்த தடத்தோடு பரப்புகளாகத் திரள்கின்றன. சாயலும் சிற்பியின் கையும் ஒரே பரப்பில் தெரியும் படைப்பு அது.

கோட்டை முதன்மையாகக் கொள்வது இப்பகுதிக்குப் புதிதன்று. நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் வரும் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடர், வண்ணம் தீட்டாத வரிவடிவ ஓவியத்தைக் குறிப்பதாகக் கொள்வர். வண்ணமின்றிக் கோட்டளவில் நிற்கும் ஓவியம் தமிழில் தனிப்பெயர் பெற்றிருந்தது என்பது கவனத்திற்குரியது. எனினும் சங்க கால ஓவியத்தின் நேரடித் தொடர்ச்சியாக நவீனக் கோட்டோவியத்தைக் காண்பதற்குச் சான்றில்லை. பணிக்கர் தலைமுறையினர் கோயிற் சிற்பத்தின் விளிம்புக் கோட்டையும் சுவடி எழுத்தையும் வேண்டித் தேடி எடுத்தனர். அது மரபாகக் கையில் கிடைத்ததன்று.

6. ஆதிமூலத்தின் காந்தி

கே.எம். ஆதிமூலம் 1938இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் அருகிலுள்ள கீராம்பூரில் பிறந்தார். சென்னைக்கு வந்து தனபாலின் வழிகாட்டலைப் பெற்றுக் கலைப்பள்ளியில் சேர்ந்தவர், 1966இல் ஓவியப் பட்டயம் பெற்றார். காந்தி பிறந்த நூற்றாண்டான 1969இல் காந்தியைப் பொருளாகக் கொண்டு நூறு கோட்டோவியங்களை அவர் வரைந்தார். அவரை ஓவியராக நிலைநாட்டியது இவ்வரிசையே.

காந்தி மறைந்தபோது ஆதிமூலத்துக்கு வயது ஏறத்தாழப் பத்து. எனவே காந்தி அவர் எதிரில் அமர்ந்தவர் அல்லர். அவருக்குக் கிடைத்தவை ஒளிப்படங்கள்; அதாவது முன்னரே படமாகிப்போன முகம். ஒளிப்படத்தைப் பார்த்து வரையும் ஓவியர் அதன் ஒளி-நிழலைப் படியெடுக்கும் பணியாளராகிவிடும் ஆபத்து உண்டு. பேனாவும் கறுப்பு மையும் அந்த ஆபத்திலிருந்து ஆதிமூலத்தைக் காத்தன எனலாம். சாம்பல் நிறத்தின் பல படிநிலைகளால் ஆனது ஒளிப்படம். பேனாவுக்கோ கறுப்பு ஒன்றே உண்டு. சாம்பல் நிறத்தைக் கோடாக மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் ஓவியர் முடிவெடுக்க வேண்டும். கன்னத்தின் நிழலைக் குறுக்குக் கோடுகளாக்குவதா, ஒரே வளைகோடாக்குவதா, வெறும் தாளாக விடுவதா என்பது ஒளிப்படத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. இத்தகைய நூற்றுக்கணக்கான முடிவுகளின் தொகுப்பையே பார்வையாளர் ஆதிமூலத்தின் நடை என்று காண்கிறார்.

அக்கோடுகளின் இயல்பு சிலவற்றைக் குறிப்பிடலாம். புறவரை தொடர்ச்சியாக ஓடுவதில்லை. இடையிடையே அறுந்து, விட்ட இடத்தைக் காண்போரின் கண் நிரப்புமாறு செய்கிறது. ஓரிடத்தில் கோடுகள் நெருங்கிப் பின்னி இருளாகின்றன; அடுத்த இடத்தில் தாளின் வெண்மை ஒளியாகிறது. சுருக்கமும் எலும்பும் ஆடையின் மடிப்பும் ஒரே வகைக் கோட்டால் ஆனவையாதலால், உடலும் கதரும் ஒரே இழையில் நெய்யப்பட்டவை போலத் தோன்றுகின்றன. முதுமையை அழகுபடுத்தும் முயற்சி அவற்றில் இல்லை. பள்ளிச் சுவரின் காந்தியிடம் காணப்படும் மெழுகு போன்ற அமைதி இங்கு இல்லை. நரம்பும் தளர்ச்சியும் உள்ள மனிதர் ஒருவர் தெரிகிறார்.

இவ்வரிசைக்கு முன்னோடியாக நந்தலால் போஸ் 1930இல் உப்பு யாத்திரையையொட்டிச் செதுக்கிய லினோ அச்சுப் படத்தைக் கூறலாம். கறுப்புப் பின்னணியில் வெண் கோடுகளால் ஆன அப்படத்தில் கோலூன்றி நடக்கும் காந்தி மிகச் சில கோடுகளில் காட்டப்பட்டுள்ளார். நந்தலால், ராய் சௌத்ரி, ஆதிமூலம் ஆகிய மூவரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், வரையப்பட்டவர் மாறாதிருக்க மாறுபவை புலப்படுகின்றன. நந்தலாலிடம் காந்தி ஒரு சின்னமாகச் சுருங்கி வலுப்பெறுகிறார். ராய் சௌத்ரியிடம் எடையும் இயக்கமும் உள்ள உடலாகிறார். ஆதிமூலத்திடம் அவர் தேடிக் கண்டறியப்படும் முகமாகிறார். நூறு முறை வரைய வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவாகலாம். ஒரே படத்தில் முடிந்துவிடும் சின்னமாக இல்லாமல், ஒவ்வொரு தாளிலும் மீண்டும் தொடங்கும் தேடலாக அவருக்குக் காந்தி அமைந்தார்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வட்டக் கண்ணாடி, மழித்த தலை, கோல், கதர் ஆகியவற்றைக் கொண்டே காந்தி அறியப்படுகிறார். ஆகவே இது பழைய கோபுரச் சிற்பங்களின் அடையாளப் பொருள் முறையேயன்றிப் புதிதன்று எனலாம். இம்மறுப்பில் உண்மை உண்டு. அடையாளப் பொருள்கள் காந்தியை உறுதி செய்துவிடுவதால்தான் ஆதிமூலத்தின் கோடு அச்சமின்றி அலைய முடிகிறது. வரையப்பட்டவர் யார் என்னும் ஐயம் காண்போருக்கு எழாத இடத்தில், சாயலை முழுமையாக நிறைவேற்றும் கடமையிலிருந்து ஓவியர் விடுபடுகிறார். ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. வடகோபுரத்துக் கலைஞரின் பெயரை அறியப் பொறிப்பைப் படிக்க வேண்டும். ஆதிமூலத்தின் படத்தில் கையொப்பத்தை மறைத்தாலும், பழகிய கண்ணுக்கு இரண்டு பெயர்கள் தெரிகின்றன: வரையப்பட்டவர் பெயர், வரைந்தவர் பெயர். நவீன உருவப்படத்தில் தனிநடை என்பதற்கு இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

7. பெயரற்ற அரசர்களும் பெயர் பெற்ற எழுத்தாளர்களும்

காந்தி வரிசைக்குப் பின், 1970களில் ஆதிமூலம் அரசர்களையும் அரசியரையும் கோட்டோவியங்களாக வரைந்தார். இவர்கள் வரலாற்றில் இன்னார் எனச் சுட்டத்தக்கவர் அல்லர். தலைப்பாகையும் பதக்கமும் பட்டாடையும் நிறைந்த இவ்வுருவங்களில் ஆடம்பரமும் சிதைவும் ஒருங்கே தெரிகின்றன. உருவப்படத்தின் எல்லா அமைப்புகளும் இங்கு உண்டு. ஆனால் ஒப்பிடுவதற்கு ஓர் ஆள் இல்லை. முன்னாள் அரசர்களுக்கான மானியம் 1971இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஒழிக்கப்பட்ட காலச் சூழலில் இவற்றைக் காணும்போது, ரவிவர்மாவின் காலத்து அரச உருவப்படத்தின் எதிர்நிலையாக இவை பொருள் கொள்ளத்தக்கன. அங்கு அரசர் படத்தை வரையச் செய்தார். இங்கு ஓவியர் அரசரையே உண்டாக்குகிறார். சாயல் முற்றிலும் நீங்கிய இடத்தில் நடை எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கான சோதனையாக இவ்வரிசை அமைந்தது.

ஆனால் ஆதிமூலம் அங்கேயே நின்றுவிடவில்லை. ‘கசடதபற’ முதலிய சிற்றிதழ்களோடும் க்ரியா போன்ற பதிப்பகங்களோடும் அவர் கொண்ட தொடர்பு, அவரை மீண்டும் சாயலின் கடமைக்கு அழைத்துவந்தது. எழுத்தாளர்களின் முகங்களை அவர் வரைந்தார். இம்முகங்கள் காந்தியின் முகம் போல எல்லோரும் அறிந்தவை அல்ல. அரசர் முகங்கள் போல எவரும் அறியாதவையும் அல்ல. அவர்களை நேரில் அறிந்த சில நூறு வாசகர்கள் அப்படத்தைப் பார்ப்பார்கள். நடைக்காகச் சாயலைச் சிதைத்தால் அவர்கள் உடனே உணர்வார்கள். சாயலுக்காக நடையைக் கைவிட்டால் ஒளிப்படமே போதும் என்பார்கள். இந்த இடைநிலையில்தான் முன்னிரண்டு வரிசைகளிலும் பெற்ற பயிற்சி பயன்பட்டது.

அச்சு முறையும் இதற்குத் துணைநின்றது. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட அக்காலத்தில், ஒளிப்படத்தை அச்சிட ஆஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும். அது நல்ல தாளில்தான் தெளிவாக விழும். கோட்டோவியத்திற்கோ லைன் பிளாக் போதும். எளிய தாளிலும் அது தெளிவாகப் பதியும். பொருள் வசதி குறைந்த சிற்றிதழுக்குக் கோட்டோவியம் ஏற்றதாக இருந்ததற்கு இதுவும் காரணம். நவீன ஓவியத்தின் கோடு தமிழ் வாசகரின் கைக்கு வந்தது காட்சிக்கூடம் வழியாக அன்று. இதழின் அட்டை வழியாகவும் உட்பக்கங்கள் வழியாகவும் வந்தது. பின்னர் ‘ஜூனியர் விகடன்’ இதழில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர் வரைந்த படங்கள், சிற்றிதழ் வட்டத்தைத் தாண்டிப் பெருந்திரளான வாசகரிடம் அக்கோட்டைக் கொண்டு சேர்த்தன. கரிசல் மண்ணின் மனிதர்கள் அங்கு வகைமாதிரிகளாக இல்லாமல் தனித்தனி முகங்களாக வந்தனர். அரசர்களை வரைந்த அதே கோடு குடியானவர் முகத்துக்கும் உரியதாயிற்று.

8. நடை முத்திரையாகும் நிலை

தனிநடையை அடைந்த பின்னும் ஓவியருக்கு ஓர் இடர் உண்டு. எந்த முகத்தை வரைந்தாலும் ஒரே வகையான அறுந்த கோடும் ஒரே வகையான பின்னலும் வருமானால், நடை முத்திரையாக இறுகிவிடும். அப்போது வரையப்பட்டவர் ஒரு சாக்காகவே எஞ்சுவார். சாயலை வாடிக்கையாளரின் ஒப்புதல் ஆண்டது போல, நடையை ரசிகரின் எதிர்பார்ப்பு ஆளத் தொடங்கும். ஆதிமூலத்தின் பிற்காலப் பணி இவ்விடருக்கு அவர் தேடிய விடையாகக் கருதத்தக்கது. வண்ண ஓவியத்தில் அவர் உருவத்தையே விட்டு, பரப்பும் நிறமும் மட்டுமுள்ள அருவ ஓவியத்திற்குச் சென்றார். கோட்டோவியத்திலோ முகங்களைத் தொடர்ந்து வரைந்தார். ஒரே ஓவியரிடம் இவ்விரண்டும் அருகருகே இருந்ததால், முகம் வரையும்போது முகத்திற்கே உரிய கட்டுப்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டார் எனலாம். 2008இல் அவர் மறைந்தார்.

9. முடிவுரை

தமிழகத்து உருவ மரபில் ஒருவரை அவராக நிறுத்தியவை முதலில் பெயரும் நிலையும் அடையாளப் பொருளும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்தை முகச்சாயல் பெற்றது. அதனை உறுதிசெய்தது பணம் கொடுத்து வரையச் செய்தவரின் ஒப்புதல். சென்னைக் கலைப்பள்ளியின் இருபதாம் நூற்றாண்டுத் தலைமுறை அந்த ஒப்பந்தத்தைத் தளர்த்திக் கோட்டை மீட்டெடுத்தது. ஆதிமூலத்தின் பணியில் மூன்று நிலைகள் தெளிவாகின்றன: எல்லோரும் அறிந்த முகம் தந்த விடுதலை, எவரும் அறியாத முகத்தில் நடையின் எல்லை, சிலர் அறிந்த முகத்தில் சாயலும் நடையும் கொண்ட சமநிலை. மூன்றாம் நிலையே கடினமானது; உருவப்படம் என்னும் கலைக்கு அதுவே உரியது.

இன்று தமிழகத்தின் சாலைகளில் தலைவர்களின் முகங்களுக்குக் குறைவில்லை. சிலைகளும் பதாகைகளும் பெரும்பாலும் ஓரிரு ஒளிப்படங்களைப் படியெடுத்தவை. சாயல் அவற்றில் பிழையின்றி இருக்கலாம். ஆனால் அம்மனிதரை ஒருவர் உற்றுப் பார்த்ததற்கான தடயம் இருப்பதில்லை. கணிப்பொறி வழியே எந்த முகத்தையும் எந்த ஓவியரின் நடையிலும் மாற்றித் தரும் கருவிகள் வந்துவிட்ட நிலையில், நடையும் படியெடுக்கத்தக்க பொருளாகிவிட்டது. ஆகவே சாயல், நடை ஆகிய இரண்டுமே தம்மளவில் உருவப்படத்தின் மதிப்பை நிறுவப் போதுமானவை அல்ல. இந்த முகத்தில் இதை வைத்து இதை விட்டது ஏன் என்னும் கேள்விக்குக் கோடு தரும் விடையிலேயே அம்மதிப்பு உள்ளது. கலைக் கல்லூரிகளில் உருவப்படப் பயிற்சி பெறும் மாணவர்க்கு ஆதிமூலத்தின் காந்தி வரிசையை ஒளிப்படங்களோடு அருகருகே வைத்துக் கற்பிப்பது, இக்கேள்வியைக் கண்ணால் படிக்கச் செய்யும் எளிய வழியாக அமையும்.